தலைநகர் இல்லாத மாநகரம்

ஒரு நிலத்தை அறிய விரும்புவார்க்குத் தமிழ் இலக்கணம் மூன்று திறவுகோல்களைத் தந்துள்ளது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பன அவை. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் தோன்றி வாழ்வன கரு. அந்நிலத்து மக்களின் ஒழுக்கம் உரி. அகத்திணை நடத்தும் வகுப்பறையில் ஆண்டுதோறும் இம்மூன்றையும் விளக்கி வரும் எனக்கு, ஜெர்மனி நாட்டின் ரூர் நிலப்பகுதியைப் பற்றிப் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. ரூரின் கருப்பொருள் நிலக்கரி. அந்நிலக்கரி இன்று அங்கே தோண்டப்படுவதில்லை. கருப்பொருள் மறைந்த பின்னரும் ஒரு நிலம் ஒரே நிலமாக, ஒரே பெயரோடு வாழ இயலுமா? இயலுமாயின் அதனை ஒன்றாக நிறுத்துவது எது?

வழியே அதனை ஒன்றாக நிறுத்துகிறது என்பது என் துணிபு. ஊரையும் ஊரையும் பிணைக்கும் இருப்புப்பாதையும் சாலையும் கால்வாயுமே இன்று ரூரின் உயிர்நாடிகள். அவ்வழிகளைப் பேணுகின்றவரை அது ஒரு மாநகரம். பேணத் தவறினால் அருகருகே கிடக்கும் ஊர்களின் கூட்டம். இக்கருத்தை அந்நிலத்தின் வரலாற்றைக் கொண்டே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறுகளும் பழைய பெருவழியும்

ஜெர்மனியின் மேற்கே, வட ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் உள்ளது ரூர். மேற்கில் ரைன் பேராறு வடக்கு நோக்கி ஓடுகிறது. கிழக்கிலிருந்து வந்து அதனோடு கலக்கும் ஆறுகள் மூன்று. தெற்கே ரூர், நடுவே எம்ஷர், வடக்கே லிப்பே. இந்நான்கு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். அதனுள் 53 ஊராட்சிகளும் நகரங்களும் அடங்கும். மக்கள்தொகை ஏறத்தாழ 51 இலட்சம். டூசல்டார்ஃப், கொலோன், வூப்பர்டால் முதலிய தென்புற நகரங்களையும் சேர்த்து ரைன்-ரூர் பெருநகர்ப் பகுதி என்று கூறும்போது மக்கள்தொகை ஒரு கோடியளவு ஆகிறது.

இவ்வளவு பெரிய பகுதிக்குத் தலைநகர் என்று சொல்ல ஓர் ஊர் இல்லை. டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட் ஆகிய நான்கும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோட்டில் நிற்கின்றன. எஸ்ஸனும் டோர்ட்முண்டும் ஏறக்குறைய ஒத்த அளவின. ஒன்றற்கு ஒன்று பணிவதில்லை. போஹும் என்னும் பெயர் நம் செவிக்குப் ‘போகும்’ என்றே கேட்கிறது. போக்குவரத்தைப் பற்றிய கட்டுரைக்கு இதனினும் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைப்பது அரிது!

இந்நான்கு ஊர்களும் ஒரே கோட்டில் அமைந்தது தற்செயலன்று. ரைன் கரையிலிருந்து கிழக்கே சோஸ்ட், பாடர்போர்ன் வரை சென்ற ‘ஹெல்வெக்’ என்னும் இடைக்கால வணிகப் பெருவழி அவ்வூர்களின் வழியே சென்றது. கரிச்சுரங்கங்கள் பெருகுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வணிகர் வண்டிகள் அவ்வூர்களை ஒரே நூலில் கோத்திருந்தன. எனவே அந்நிலத்தில் வழி முந்தியது, பெருந்தொழில் பிந்தியது.

நிலக்கரியின் இருப்பும் இங்குக் கருதத்தக்கது. தெற்கே ரூர்ப் பள்ளத்தாக்கில் கரிப்படிவம் நிலமட்டத்தை ஒட்டியே கிடந்தது. வடக்கே செல்லச் செல்ல அது ஆழத்திற்குச் சரிந்தது. ஆகவே சுரங்கத் தொழில் தெற்கில் தோன்றி, ஆழத் தோண்டும் கருவிகள் வளர வளர, ஹெல்வெக் ஊர்களைக் கடந்து எம்ஷர் சமவெளிக்கும் பின்னர் லிப்பேக் கரைக்கும் நகர்ந்தது. தொழில் வடக்கே நகர்ந்தது. வழியோ கிழக்கு மேற்காகக் கிடந்தது. இம்முரண்பாட்டின் விளைவுகளை இன்றும் அம்மக்கள் சுமக்கின்றனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

நிலையம் ஈன்ற ஊர்

ஊர் இருக்கும் இடத்திற்கு இரயில் வருவதே உலகியல். ரூரிலோ இரயில் வந்த இடத்தில் ஊர் பிறந்தது. கொலோன் நகரையும் கிழக்கே வேசர் ஆற்றங்கரையிலுள்ள மிண்டனையும் இணைத்த இருப்புப்பாதை 1847ஆம் ஆண்டு நிறைவுற்றது. மேடுபள்ளம் மிகுந்த தென்புற மலைநாட்டைத் தவிர்த்து, எம்ஷர் சமவெளி வழியே அது போடப்பட்டது. அவ்வழியில், ஆள் நடமாட்டம் அரிதாயிருந்த புதர்நிலத்தில், ஒரு நிலையம் அமைந்தது. அருகிலிருந்த மாளிகையின் பெயரால் அதற்கு ஓபர்ஹவுசன் என்று பெயரிட்டனர். நிலையத்தைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. ஆலைகளைச் சுற்றிக் குடியிருப்புகள் எழுந்தன. 1862ஆம் ஆண்டு அது தனி ஊராட்சியாயிற்று. நிலையம் ஈன்ற ஊர் என்று ஓபர்ஹவுசனைச் சொல்வது மிகையாகாது.

அதே 1862ஆம் ஆண்டு, போட்டி நிறுவனம் ஒன்றின் பாதை போஹும், எஸ்ஸன் ஆகிய ஹெல்வெக் ஊர்களின் வழியே டூயிஸ்பர்க் வரை நீண்டது. தனியார் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்த முயன்று பாதைகள் போட்டன. அவை சென்று சேர விரும்பிய இடங்கள் மக்கள் வாழும் தெருக்கள் அல்ல. சுரங்க வாய்களும் உலைக்களங்களுமே. ரூரின் நிலப்படத்தைப் பார்ப்பவர்க்குத் தண்டவாளங்கள் பின்னிய வலைபோல் தோன்றும். அவ்வலையைப் பின்னியது கரி. மனிதன் அதில் பின்னர் ஏறிக்கொண்டவன்.

இருப்புப்பாதையைத் தொடர்ந்து நீர்வழி வந்தது. டோர்ட்முண்டை வடகடலை நோக்கிச் செல்லும் எம்ஸ் ஆற்றோடு இணைத்த கால்வாய் 1899ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அவ்வழியில் ஹென்ரிஷன்பர்க் என்னுமிடத்தில் நீர்மட்டம் 14 மீட்டர் வேறுபடுகிறது. கப்பல் மிதக்கும் ஒரு பெருந்தொட்டியை நீர்க்கிணறுகளுக்குள் மூழ்கி மிதக்கும் ஐந்து உருளைகளின் மேல் தாங்கி, தொட்டியோடு கப்பலையும் ஏற்றி இறக்கினர். நீரின் எடையை நீரைக் கொண்டே தூக்கிய அத்திறம் வியக்கத்தக்கது. ஓய்வு பெற்றுவிட்ட அப்பொறி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1914இல் ரைன்-ஹெர்னே கால்வாயும் திறக்கப்பெற, உள்நாட்டிலிருந்த ரூர் கடலோடு உறவாடத் தொடங்கியது.

ரூர் ஆறு ரைனில் கலக்கும் இடத்தில் அமைந்த டூயிஸ்பர்க் துறைமுகம் ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம். கடலில்லாத ஊரில் இத்தகைய துறைமுகம் என்பது கேட்போர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆறு, கால்வாய், இருப்புப்பாதை, சாலை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியதே அதன் பெருமைக்குக் காரணம். 2011 முதல் சீனத்தின் சோங்சிங் நகரிலிருந்து சரக்கு இரயில்களும் அங்கு வந்தன. ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் நீண்ட அப்பயணத்தில் தண்டவாள அகலம் இருமுறை மாறுகிறது. இருமுறையும் சரக்குப் பெட்டகங்கள் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றப்படுகின்றன. 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் அவ்வழியின் உறுதி குலைந்தது. வழி எவ்வளவு நீளமோ அவ்வளவு பேரின் நல்லுறவு அதற்கு வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1920: இரண்டு நகரங்கள், இரண்டு விடைகள்

சிதறிக் கிடக்கும் ஊர்களை எவ்வாறு ஒன்றாக ஆள்வது? இவ்வினாவுக்கு ஜெர்மனி 1920ஆம் ஆண்டில் இரண்டு வேறு விடைகளைத் தந்தது. அவ்வாண்டு பெர்லின் தன்னைச் சுற்றியிருந்த நகரங்களையும் சிற்றூர்களையும் தன்னுள் விழுங்கிப் பேரூராயிற்று. அதே ஆண்டில் ரூரின் நகரங்கள் எதுவும் எதனையும் விழுங்கவில்லை. அவை கூடித் திட்டமிடும் கூட்டமைப்பு ஒன்று சட்டத்தால் நிறுவப்பெற்றது. முதல் உலகப்போரின் இழப்பீடாக நிலக்கரி கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. கரி தோண்டப் புதிதாக வரும் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடும் வழியும் வேண்டியிருந்தன.

எஸ்ஸன் நகரின் திட்ட அலுவலராக விளங்கிய ராபர்ட் ஷ்மிட் அக்கூட்டமைப்பின் முதல் இயக்குநர். வீதிகளுக்கும் இரயில் பாதைகளுக்கும் இடம் ஒதுக்குதல் ஒரு கடமை. நகரங்களுக்கு இடையே வடக்கு தெற்காகப் பசுமை வெளிகளைக் கட்டடங்கள் விழுங்காமல் காத்தல் மற்றொரு கடமை. போக வழி வேண்டும். மூச்சுவிட வெளியும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே அமைப்பின் பொறுப்பாக்கியது அக்காலத்தில் புதுமையான சிந்தனை. அவ்வமைப்பின் வழித்தோன்றல் இன்றும் ரூர் வட்டாரச் சங்கம் என்ற பெயரில் எஸ்ஸனிலிருந்து பணியாற்றுகிறது.

பெர்லின் கண்ட விடையே சிறந்தது, ரூரும் ஒரே நகராகியிருந்தால் பல தொல்லைகள் தீர்ந்திருக்கும் என்று கூறுவார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ரூர் இன்றும் டூசல்டார்ஃப், ம்யூன்ஸ்டர், ஆர்ன்ஸ்பர்க் என்னும் மூன்று ஆட்சி மண்டலங்களுக்குப் பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. அம்மூன்று மண்டலத் தலைமையிடங்களுள் ஒன்றேனும் ரூருக்குள் இல்லை! 1995இல் ரைன்-ரூர் முழுவதையும் ஒரே பெருநகர்ப் பகுதியாக அமைச்சர்கள் மாநாடு அறிவித்தது. ஆயினும் 2017இல் கொலோன், டூசல்டார்ஃப் பக்கத்து நகரங்கள் ரைன்லாந்து என்ற பெயரில் தமக்கென்று வேறு சங்கம் கண்டன. தாளில் ஒன்றானவை மனத்தில் ஒன்றாகவில்லை.

எனினும் ரூர் ஒரே நகராகாமல் போனதை நான் குறையாகக் கருதவில்லை. ஓர் ஊர் வளர மற்றவை அதன் புறச்சேரிகளாவது பெருநகரங்களின் இயல்பு. ரூரில் ஒவ்வோர் ஊர்க்கும் தன் நாடக அரங்கும் தன் கால்பந்துக் குழுவும் தன் பெருமிதமும் உண்டு. பன்மையை அழிக்காமல் ஒருமையைக் காண்பதே அரிய செயல். அவ்வொருமைக்கு வேண்டியது ஒரே மேயர் அன்று. ஊர் எல்லையில் நிற்காத வண்டி.

எல்லையில் மாறும் தண்டவாளம்

ஆனால் அந்த வண்டியையே ரூர் நகரங்கள் நெடுங்காலம் இயக்கத் தவறின. ஒவ்வொரு நகரும் தன் விருப்பப்படி டிராம் பாதை போட்டது. போஹும், கெல்சன்கிர்ஷன் நகரங்களில் தண்டவாள அகலம் ஒரு மீட்டர். டோர்ட்முண்டிலும் டூயிஸ்பர்க்கிலும் 1,435 மில்லிமீட்டர். இடைப்பட்ட எஸ்ஸனிலோ இரண்டும் உண்டு. பதினோராயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் சீனச் சரக்குக்கு அகல மாற்றத்தைக் கடக்க வழி கண்டவர்கள், அடுத்த ஊரில் வேலைக்குச் செல்லும் ஒரு செவிலிக்கு ஒரே டிராமில் செல்லும் வழியைக் காணவில்லை. 1960களின் இறுதியில் எல்லா நகரங்களையும் ஒரே அகலமுள்ள நகர இரயிலால் இணைக்கப் பெருந்திட்டம் தீட்டப்பெற்றது. சுரங்கப் பாதைகள் தோண்டப்பட்டன, பணம் வற்றியது, திட்டம் பல துண்டுகளாக நின்றது.

தண்டவாளம் செய்ய இயலாததைப் பயணச்சீட்டு செய்தது. 1980ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ரைன்-ரூர் போக்குவரத்துக் கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இரயிலுக்கும் டிராமுக்கும் பேருந்துக்கும் ஒரே சீட்டு. வண்டி எந்த நகராட்சிக்கு உரியது என்று பயணி கேட்கத் தேவையில்லை. இருப்பினைக் கூட்டுவதினும் கணக்கினைக் கூட்டுவது எளிது என்று இதனை எள்ளுவோர் இருக்கலாம். என் பார்வையில் அச்சீட்டே ரூரின் உண்மையான குடியுரிமைச் சான்று. எல்லை தாண்டுவது அயல்நாடு செல்வதன்று என்பதை அது மக்களுக்கு நாள்தோறும் நினைவூட்டியது. 2023 மே மாதம் நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 49 யூரோவில் மாதச்சீட்டு அறிமுகமானபோது, அதன் கருத்து ரூர் மக்களுக்கு முற்றிலும் புதிதன்று. 2025 சனவரியில் அச்சீட்டின் விலை 58 யூரோவாக உயர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எளியோர்க்கு வழி திறப்பதும் விலையே, அடைப்பதும் விலையே.

கல்லூரி மலரில் எழுதும் எனக்கு மற்றொரு செய்தி பெரிதாகத் தெரிகிறது. கரி தோண்டிய காலத்தில் அப்பெரும் பகுதியில் பல்கலைக்கழகம் ஒன்றும் இல்லை. டூயிஸ்பர்க்கில் முன்பு இருந்த ஒன்று 1818இல் மூடப்பட்டது. உழைக்கும் கைகள் போதும், கற்கும் தலைகள் வேண்டா என்று கருதப்பட்ட நிலம் அது. 1958 முதல் கரித்தொழில் சரியத் தொடங்கிய பின்னரே 1965இல் போஹுமிலும் 1968இல் டோர்ட்முண்டிலும் 1972இல் எஸ்ஸனிலும் டூயிஸ்பர்க்கிலும் உயர்கல்வி மலர்ந்தது. ஹெர்னே நகரிலிருந்து போஹும் பல்கலைக்கழகம் வரை செல்லும் நகர இரயிலும், டோர்ட்முண்டில் 1984 முதல் பல்கலைக்கழக வளாகங்களை இணைத்துத் தூண்களினின்று தொங்கியவாறு ஓடும் ஓட்டுநரில்லா வண்டியும் அம்மலர்ச்சிக்கு நீர் பாய்ச்சிய வாய்க்கால்கள். எஸ்ஸன், டூயிஸ்பர்க் பல்கலைக்கழகங்கள் 2003இல் ஒன்றாயின. நகரங்கள் இணைய மறுத்த இடத்தில் கல்வி இணைந்து காட்டியது.

தொங்கு வண்டி என்றவுடன் தெற்கேயுள்ள வூப்பர்டாலைச் சொல்லாமல் விடலாகாது. குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றுக்கும் வீடுகளுக்கும் போக எஞ்சிய இடமில்லை. அவ்வூரார் ஆற்றின் மேலேயே தண்டவாளத்தைத் தூக்கி நிறுத்தி வண்டியை அதில் தொங்கவிட்டனர். 1901இல் மக்களுக்குத் திறக்கப்பெற்ற அப்பாதை 13 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு இன்றும் பயன்படுகிறது. இயற்கை தந்த இடரையே வழியாக்கிய அறிவு அது. அதற்கு மாறாக, காந்த விசையால் மிதந்து டூசல்டார்ஃபையும் டோர்ட்முண்டையும் இணைக்க வேண்டிய அதிவேக இரயில் திட்டம் 2003இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, டோர்ட்முண்டுக்கும் கொலோனுக்கும் இடையே கால்மணிக்கு ஒருமுறை ஓடும் வண்டி என்ற அடக்கமான குறிக்கோளோடு ரைன்-ரூர் விரைவு இரயில் திட்டம் உருப்பெற்றது. 2018 இறுதியில் அதன் புதிய வண்டிகள் ஓடத் தொடங்கின. பாதை விரிவு முற்றுப்பெறவில்லை. வேகத்தைவிட நேரந்தவறாமையும் அடிக்கடி வருதலுமே பயணிக்கு உதவி என்பது என் கருத்து.

இணைத்த சாலையே பிரித்த கதை

ஹெல்வெக் சென்ற திசையிலேயே இன்று ‘ஏ 40’ என்னும் விரைவுச் சாலை செல்கிறது. 2010ஆம் ஆண்டு ரூர் முழுவதும் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்னும் சிறப்பைப் பெற்றபோது, சூலை 18 அன்று அச்சாலையில் 60 கிலோமீட்டர் நீளத்திற்கு வண்டிகள் நிறுத்தப்பட்டன. 20,000 மேசைகள் சாலை நடுவே வரிசையாக இடப்பட்டன. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் வந்து, உண்டும் பாடியும் உரையாடியும் மகிழ்ந்தனர். தலைநகரில்லாத மாநகரத்திற்கு அன்று ஒரு நடுமுற்றம் கிடைத்தது. அம்முற்றம் ஒரு சாலை.

ஆறே நாள் கழித்து, சூலை 24 அன்று, டூயிஸ்பர்க்கின் பழைய சரக்கு நிலைய வெளியில் நடந்த இசை விழாவில் 21 இளைஞர்கள் நெரிசலில் மாண்டனர். உள்ளே செல்வோரும் வெளியே வருவோரும் ஒரே சுரங்கவழியையும் சரிவையும் பயன்படுத்த நேர்ந்ததே அவலத்தின் தோற்றுவாய். அகன்ற வழியில் முப்பது இலட்சம் பேர் இன்புற்றனர். குறுகிய வழியில் உயிர்கள் நசுங்கின. வழியமைப்பு என்பது வெறும் பொறியியல் கணக்கன்று, உயிர்க்கணக்கு என்பதை இவ்விரு நாள்களும் அருகருகே நின்று உரைக்கின்றன.

அச்சாலைக்கு மற்றொரு பெயரும் உண்டு. அதனைச் ‘சமூக நிலநடுக்கோடு’ என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். சாலைக்குத் தெற்கே வசதியுள்ள குடும்பங்கள் மிகுதி; வடக்கே வேலையின்மையும் வறுமையும் மிகுதி. தொழில் வடக்கே நகர்ந்து அங்கேயே இறந்தது என்பதை முன்னரே குறிப்பிட்டோம். சுரங்கம் மூடியபோது எம்ஷர்க் கரையின் தொழிலாளர் தெருக்கள் வெறுமையுற்றன. விரைவான வழிகளோ பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே ஓடுகின்றன. வடக்கிலுள்ள ஏழை மாணவன் தெற்கிலுள்ள கல்விக்கூடத்தையும் வேலையையும் எட்டுவதற்கான வடக்கு தெற்கு வழிகள் அவ்வளவு வலுவாக இல்லை. ஆதலால் இனிச் செலவிடும் பணம் முதலில் இக்குறுக்கு வழிகளுக்கே செல்ல வேண்டும் என்பேன். ஏற்கெனவே விரைந்து செல்வோரை மேலும் விரையச் செய்வது முன்னேற்றமாகாது. செல்ல இயலாதோரைச் செல்ல வைப்பதே முன்னேற்றம்.

வந்தோரும் வழிகளும்

ரூர் வந்தோரால் வளர்ந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்து மொழி பேசுவோர் வந்தனர். 1961இல் துருக்கியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி துருக்கியத் தொழிலாளர் வந்தனர். 1983க்குப் பின் ஈழத்தமிழர் அடைக்கலம் தேடி வந்தனர். இரயிலில் வந்திறங்கியோர் காலப்போக்கில் மண்ணுக்குரியோர் ஆயினர். மேற்கெல்லையில், டூயிஸ்பர்க்கின் மார்க்ஸ்லோ பகுதியில், 2008இல் பெரும் பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பெற்றது. கிழக்கெல்லையில், ஹம் நகரின் தொழிற்பேட்டையில், 2002இல் ஈழத்தமிழரின் காமாட்சி அம்பாள் கோயில் குடமுழுக்குக் கண்டது. தேர்த்திருவிழாவிற்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் தமிழர் திரள்கின்றனர். அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தமாடுகின்றனர். சரக்குப் படகுக்காக வெட்டிய கால்வாய் ஒரு மக்களின் புனித நீர்த்துறையாகவும் ஆயிற்று! வழியை வெட்டியவர் அதன் வழியே யார் வருவார், என்ன கொணர்வார் என்று முன்னறிய இயலாது. அதுவே வழியின் பெருமை.

கட்டுதலும் காத்தலும்

2018 திசம்பர் 21 அன்று போட்ரொப் நகரின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. கடைசிக் கரித்துண்டை நாட்டின் குடியரசுத் தலைவரிடம் தொழிலாளர் ஒப்படைத்தனர். கரி போயிற்று, அது விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நிலத்தடியில் உள்ளன. பல இடங்களில் நிலம் தாழ்ந்துவிட்டது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். நீரை இடையறாது இறைக்கும் பொறிகள் நின்றால் ஊர்கள் ஏரிகளாகும். இறைத்தல் என்றும் முடியாத கடமை. 2013 நவம்பரில் எஸ்ஸன் முதன்மை நிலையத்தின் அருகே தண்டவாளத்தின் அடியில் பழைய சுரங்கக் குழிவு கண்டறியப்பட்டு, இரயில் போக்குவரத்து பல நாள் தடுமாறியது. கரிக்காகப் போட்ட பாதையைக் கரியே உள்ளிருந்து அரித்தது.

நிலத்தின் மேலும் அதே பாடம். கொலோன் அருகே ரைன் மீது 1965இல் கட்டிய லெவர்குசன் பாலம் விரிசலுற்று, பல ஆண்டுகள் சரக்குந்துகளுக்கு அடைக்கப்பட்டது. தடையை மீறி நுழைவோரைத் தடுக்கத் தானியங்கித் தடுப்புகளே அமைக்க வேண்டியதாயிற்று. புதிய பாலத்தின் முதற்பகுதி 2024இல்தான் திறக்கப்பெற்றது. டோர்ட்முண்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நோக்கிச் செல்லும் ‘ஏ 45’ சாலையில், ரூருக்குத் தெற்கே லூடன்ஷைட் ஊரருகே உள்ள ராமடே பாலம் 2021 திசம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டு, 2023 மே 7 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 64,000 வண்டிகள் கடந்த வழி அது. அவை சிற்றூர்த் தெருக்களில் புகுந்தன. உறக்கமும் மூச்சும் அவ்வூரார்க்கு அரிதாயின. ஒரு தலைமுறை கட்டியது. அடுத்த தலைமுறை அதன்மீது மென்மேலும் சுமை ஏற்றியது. ஆராய்ந்து பழுது நீக்கும் கடமையை ஒவ்வொருவரும் அடுத்தவர்க்கு ஒத்திவைத்தனர். பாலத்தைத் திறந்து வைப்போர்க்கு மாலை உண்டு. பாலத்தின் ஆணிகளை முடுக்குவோர்க்கு மாலை இல்லை. இதுவே நோயின் மூலம்.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் கழிவுநீர்க் குழாய்களைப் புதைக்க இயலாமல், எம்ஷர் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கி ஒரு நூற்றாண்டு வைத்திருந்தனர். 1992இல் அதனை மீட்கும் பணி தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்குழாய் ஆழத்தில் புதைக்கப்பெற்றது. ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவில், 2021 இறுதியில் கழிவுநீர் கலவாத ஆறாக எம்ஷர் மீண்டது. முப்பது ஆண்டுகள் ஒரே பணியில் பல ஊர்கள் கைகோத்து நின்றதன் பயன் அது. ஆற்றுக்கு அப்பொறுமையைக் காட்டியவர்கள் பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் காட்டலாகாதா?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். முதற்பொருளாகிய நிலம் ரூரில் தாழ்ந்துவிட்டது. கருப்பொருளாகிய கரி முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது உரிப்பொருளாகிய ஒழுக்கமே. ஊர்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதும், இட்ட வழியை ஒருங்கே பேணுவதும், அவ்வழியில் எளியோன் முதலில் ஏற இடந்தருவதுமே அவ்வொழுக்கம். அது நிலைக்கும்வரை தலைநகர் இல்லை என்பது ரூருக்குக் குறையன்று. தலைநகர் இல்லாமல் ஒரு மாநகரம் வாழலாம். வழியில்லாமல் எந்த ஊரும் வாழாது.